இருபதாவது வரி

வாராபின்
18 ஏப்ரல் 1976, ஈஸ்டர் ஞாயிறு

அன்புள்ள ட்ரெவ்,

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று முதலில் கேட்கச் சொன்னாள் அம்மா. கேட்டுவிட்டேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவின் முதுகு டிராக்டரில் ஏறினால் வலிக்கிறது, இறங்கினால் நின்றுவிடுகிறது.

ஈஸ்டருக்காகப் பேக்கரியில் எண்ணூறு சிலுவை பன் போட்டோம். பன் மேல் கோடு போட்டது முழுக்க நான்தான். "உனக்குப் பேச்சு வராட்டி என்ன, கோடு நேரா வருது" என்றார் திருமதி ஷூல்ஸ். பள்ளியை விட்டு ஒரு வருடம் ஆகிறது. இதுவரை கிடைத்த பாராட்டு இது ஒன்றுதான்.

ரொட்டி வாங்க வருகிறவர்கள் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். நேற்று லாரி ஓட்டும் நெவில் ஆரம்பித்தார்.

"ரெண்டு வருஷமாச்சு. மெல்பர்ன்ல ஃபுட்பால் ஆடப் போயி இன்னும் ரெண்டாம் அணியிலயே கிடக்கான். ஆறடி ஆறங்குலம் வளர்ந்து என்னய்யா, பல்பு மாத்தத்தான் லாயக்கு."

"நெட்டையனுங்களுக்கு நாளாகும்" என்றார் திருமதி ஷூல்ஸ். "அவன் என்ன கோதுமையா, வெதச்ச வருஷமே அறுக்க?"

நம் ஊர் கிளப்பின் செயலாளர் ஆர்தர் க்விக்லியும் இருந்தார். "அங்க பெஞ்சு தேய்க்கிற நேரத்துக்கு இங்க வந்தான்னா, பத்தொன்பது வருஷத்துக்கப்புறம் நாமளும் இறுதிச் சுற்றைப் பாத்துருவோம்" என்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார். நான் அவருக்கு மீதிச் சில்லறையைக் கொடுத்தேன்.

இந்த வருடம் ஆட்டப் பதிவுத் தாள் எழுதும் வேலை எனக்கு வந்திருக்கிறது. ஆர்தரின் கையெழுத்து நடுவருக்குப் புரியவில்லையாம். கிளப் தலைவர் மகள்தானே, எழுதட்டும் என்று விட்டுவிட்டார்கள். மைதானத்துக்குள் பதினெட்டுப் பேர், வெளியே மாற்று ஆள் இரண்டு பேர், மொத்தம் இருபது வரி. பல வாரம் பத்தொன்பது பேர்தான் தேறுகிறார்கள். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது. யாரிடமும் பேச வேண்டியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

உன் தங்கை,
கிளெனிஸ்


மெல்பர்ன்
9 மே

அன்புள்ள சுண்டெலி,

சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். வீட்டுக்காரம்மா திருமதி பியர்ஸ் தினமும் ஆட்டிறைச்சி சமைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அதையே ஆறவைத்துப் போடுகிறார். உன் கையில் மாவு வெடிப்பு ஆறிவிட்டதா?

பகலில் டயர் கிடங்கில் வேலை. செவ்வாய், வியாழன் மாலைகளில் பயிற்சி. நடுவர் பந்தைத் தரையில் அடித்து எழுப்பும்போது குதித்துத் தட்டிவிடுவதுதான் என் வேலை. குதிக்கிறேன். பந்து நான் வருவதற்கு முன்பே போய்விடுகிறது.

கிளப் கமிட்டியில் எட்டுப் பேர். என்னை இப்போதே அனுப்பிவிட வேண்டும் என்று பாதிப் பேர் சொல்கிறார்களாம். பயிற்சியாளர் டன்ஸ்டன் ஆகஸ்ட் முடியும்வரை தவணை வாங்கியிருக்கிறார். போன வாரம் என்னை நிறுத்திச் சொன்னார்:

"உன்ன மாதிரி ஒட்டகச்சிவிங்கி எல்லாம் இருபத்திமூணு வயசுலதான் தன் காலு எங்க இருக்குன்னே கண்டுபிடிக்கும். உனக்குப் பத்தொன்பது. நான் காத்திருப்பேன். ஏன் தெரியுமா?"

"தெரியாது சார்."

"நீ பொய் சொன்னதில்ல. பந்தை விட்டா விட்டேன்ங்கற. மத்தவன் சூரியனைக் குத்தம் சொல்றான். அதை வச்சு கமிட்டிகிட்ட மல்லுக்கட்டுறேன்."

இதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இங்கே வந்தபின் ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. குளிக்கிறேன், டிராம் ஏறுகிறேன். ஆனாலும் போகச் சொல்லிவிடுவார்களோ என்று நினைத்தால் ராத்திரியில் எழுந்து ஆட்டக் காலணியைத் துடைக்கிறேன். அப்படியென்றால் எனக்கு இது வேண்டும் என்றுதானே அர்த்தம்?

அப்பாவுக்கு விதைப்பு நல்லபடி முடியட்டும்.

ட்ரெவ்


மெல்பர்ன்
4 ஜூலை

அன்புள்ள சுண்டெலி,

எல்லாரும் சுகம்தானே. எனக்கு அவ்வளவு சுகமில்லை. நேற்று ஆட்டத்தில் தொடைக்குப் பின்னால் தசை கிழிந்துவிட்டது. மூன்று சனிக்கிழமை ஆடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"படுத்துக் கிட" என்றார் டன்ஸ்டன். "இந்த மூணு வாரத்துல ஒரு பந்தைத் தொட்டன்னு காதுல விழுந்தது, நானே உனக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் குடுப்பேன்."

நான் அறையில்தான் இருக்கிறேன். திருமதி பியர்ஸ் ஐஸ் வைக்கிறார். அவருடைய பூனை என் கால்மேல் ஏறிப் படுக்கிறது.

அப்பாவிடம் சொல்லாதே. தெரிந்தால் வீட்டுக்கு வா என்பார். நானும் வந்துவிடுவேன். வந்தால் திரும்பிப் போக மாட்டேன். யாரிடமும் சொல்லாதே. உன்னிடம் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரி என்றுதான் எழுதுகிறேன்.

ட்ரெவ்


வாராபின்
13 ஜூலை

அன்புள்ள ட்ரெவ்,

கால் எப்படி இருக்கிறது? இங்கே காலையில் உறைபனி. குழாயில் தண்ணீர் வர ஒன்பது மணி ஆகிறது. மற்றபடி சுகம்.

அப்பாவிடம் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை நாம் ஜெயித்தோம். நெவிலின் மகன் கோல் அடித்ததும் எல்லைக்கோட்டைச் சுற்றி நின்ற கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன. அப்பாவும் அடித்தார். அப்பா ஹாரன் அடித்து நான் பார்த்ததில்லை. இதே போல் போனால் இறுதிச் சுற்று உண்டு என்கிறார்கள்.

ஆர்தர் உன்னை விசாரித்தார்.

அம்மா பழக் கேக் அனுப்பியிருக்கிறாள். பூனைக்குக் கொடுக்காதே.

கிளெனிஸ்


மெல்பர்ன்
1 ஆகஸ்ட்

அன்புள்ள சுண்டெலி,

கேக்கை நானே சாப்பிட்டேன். எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

நேற்று மறுபடி ஆடினேன். என்ன நடந்தது என்று தெரியவில்லை. படுத்துக் கிடந்ததில் கால் தன்னால் கற்றுக்கொண்டதோ என்னவோ, பந்து எழும்பிய இடத்தில் நான் இருந்தேன். பதினோரு முறை அந்தரத்தில் பிடித்தேன். ஆட்டம் முடிந்து டன்ஸ்டன் என் முதுகில் ஒரு அறை விட்டார்.

"ஒட்டகச்சிவிங்கிக்குக் காலு கிடைச்சிருச்சு. இன்னும் ரெண்டு ஆட்டம் இதே மாதிரி ஆடு. பெரிய அணிக்கு உன் பேரைச் சொல்றேன்."

டிராமில் வரும்போது சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன். எதிரே இருந்த அம்மாள் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவிடம் இதைச் சொல்லலாம்.

ட்ரெவ்


வாராபின்
8 ஆகஸ்ட்

அன்புள்ள ட்ரெவ்,

சொன்னேன். "அப்படியா" என்றார் அப்பா. பிறகு கொட்டகைக்குப் போய் வெகுநேரம் வரவில்லை. அம்மா உன் கடிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறாள்.

நாம் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டோம். ஊரில் கடைக்குக் கடை கிளப் நிறத்தில் துணி கட்டியிருக்கிறார்கள்.

இரண்டாவது பக்கம் ஒன்று எழுதினேன். எழுத்து சரியாக வரவில்லை. கிழித்துவிட்டேன். தபால் வண்டி கிளம்புகிறது.

காலைப் பார்த்துக்கொள்.

கிளெனிஸ்


மெல்பர்ன்
22 ஆகஸ்ட்

அன்புள்ள கிளெனிஸ்,

எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். நானும் அப்படித்தான்.

வியாழக்கிழமை பயிற்சிக்கு முன் என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். டன்ஸ்டனும் கமிட்டியிலிருந்து இரண்டு பேரும் இருந்தார்கள். நம் வட்டாரத்தில் புது ஆட்டக்காரர்களைத் தேடும் கிளப்காரர் ஒருவர் உள்ளூர்ப் பத்திரிகைத் துண்டை அனுப்பியிருக்கிறார். அதில் வாராபின் அணியில் என் பெயர். சந்தேகப்பட்டு, பதிவுத் தாள்களையும் வரவழைத்துவிட்டார்கள். ஜூலை 10, 17, 24. மூன்றிலும் இருபதாவது வரியில் ட்ரெவர் ஹாக்கிங்.

"கால் கிழிஞ்சிருச்சுன்னு படுத்துக்கிட்டு, ஊருக்குப் போய் ஆடிட்டு வந்திருக்கான்" என்றார் ஒருவர்.

"இருங்க. அவன் சொல்லட்டும்" என்றார் டன்ஸ்டன். "ஆடினியா, ஆடலையா?"

தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன். அச்சடித்த மாதிரி எழுத்து. கோடு நேராக இருந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

"ஆடினேன்" என்றேன்.

டன்ஸ்டன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இல்லைன்னு சொல்லியிருந்தா இவங்ககூடச் சண்டை போட்டிருப்பேன்டா" என்றார். அவ்வளவுதான்.

செப்டம்பர் ஆறாம் தேதி கமிட்டி கூடிப் பட்டியலை முடிக்கும். அதில் நான் இருக்க மாட்டேன். பதினொன்றாம் தேதி அரையிறுதிக்கு ஊருக்கு வந்துவிடுவேன் என்று ஆர்தரிடம் சொல். தகுதிக்கு மூன்று ஆட்டம் வேண்டும். ஆடிவிட்டேன்.

உன்னிடம் கேட்க எதுவும் இல்லை. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. டிராம் ஏறி வந்துவிட்டேன்.

ட்ரெவ்


வாராபின்
25 ஆகஸ்ட்

மதிப்பிற்குரிய திரு. டன்ஸ்டன் அவர்களுக்கு,

நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க வேண்டும். நான் ட்ரெவர் ஹாக்கிங்கின் தங்கை. வயது பதினாறு. நேற்று உங்களுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டது நான்தான். நீங்கள் இரண்டு முறை "யாரு" என்று கேட்டீர்கள். எனக்குப் பேச வரவில்லை. அதற்கு மன்னிக்க வேண்டும்.

என் அண்ணன் அந்த மூன்று சனிக்கிழமையும் இங்கே ஆடவில்லை. இங்கே வரவே இல்லை. பெயரை எழுதியது நான். இந்தக் கடிதத்தையும் அந்தத் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கை என்று தெரியும்.

எங்கள் வட்டாரத்தில், ஒருவர் இறுதிச் சுற்றில் ஆட வேண்டுமானால் அந்தப் பருவத்தில் ஊருக்காக மூன்று ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும். அதனால் வெளியூரில் இருக்கிறவர்கள் பெயரைக் காலி வரியில் எழுதிவைப்பது உண்டு. எல்லா ஊரிலும் உண்டு. ஜூலை பத்தாம் தேதி பத்தொன்பது பேர்தான் வந்திருந்தார்கள். செயலாளர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கடைசி வரியில உங்க அண்ணன் பேரைப் போடும்மா."

"அவன் இங்க இல்லையே."

"அங்க ஆடுறானா இன்னைக்கு? ஒரே நாள்ல ரெண்டு இடத்துல பேரு வந்தா மாட்டிக்குவோம்."

"இல்ல. படுத்திருக்கான்."

"எத்தனை நாளைக்கு?"

"மூணு வாரம்."

"அப்ப கணக்கு சரியாப் போச்சு. எழுது, ஊரு ஒலகம் செய்றதுதான். அவனை அங்க வேண்டாம்னுட்டாலும் இங்க ஒரு எடம் இருக்கும்ல."

யாரிடமும் சொல்லாதே என்று அண்ணன் எழுதியிருந்தான். நான் சொல்லிவிட்டேன். பிறகு எழுதினேன். உங்கள் கையில் தாள் கிடைத்ததும் அவன் என் எழுத்தை அடையாளம் கண்டிருக்கிறான். என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான் ஆடினேன் என்றான். அவன் உங்களிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

அவன் நன்றாக ஆடுகிறானா, இன்னும் காலம் கொடுக்கலாமா என்பது எனக்குத் தெரியாது. நான் அங்கே வந்து பார்த்ததில்லை. ஆனால் இந்தக் காரணத்துக்காக அனுப்பாதீர்கள்.

பணிவுடன்,
கிளெனிஸ் ஹாக்கிங்


மெல்பர்ன்
30 ஆகஸ்ட்

மிஸ் ஹாக்கிங்,

உன் கடிதம் கிடைத்தது. எழுத்தை ஒப்பிட்டேன். திருமதி பியர்ஸையும் போய்ப் பார்த்தேன். அவரும் நீ சொன்னதையே சொன்னார். நான் உன்னை நம்புகிறேன்.

கமிட்டி என் பேச்சை மட்டும் கேட்டு நம்பாது. உன் கடிதத்தை அவர்கள் பார்க்க வேண்டும். அவர்கள் பார்த்தால் உங்கள் வட்டார லீக்குக்கும் அனுப்பியே தீருவார்கள். அதன்பின் என்ன ஆகும் என்பது உனக்கே தெரியும். பொய்ப் பெயர் எழுதிய ஆட்டங்களின் புள்ளிகளைப் பறித்துவிடுவார்கள். உங்கள் ஊர் இறுதிச் சுற்றில் இருக்காது. உன் அப்பாதான் அங்கே தலைவர் என்று கேள்விப்பட்டேன்.

இதையெல்லாம் செய்தாலும் உன் அண்ணனுக்கு நான் வாங்கித் தரக்கூடியது இன்னும் ஒரே ஒரு வருடம். அவன் தேறுவான் என்று உனக்கு எழுதித்தர என்னால் முடியாது. முப்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பாதி பேர் விஷயத்தில் தவறாகத்தான் கணித்திருக்கிறேன்.

பதினாறு வயதுப் பெண்ணிடம் இதைக் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. கடிதத்தைக் காட்டட்டுமா, கிழித்துவிடட்டுமா? ஆறாம் தேதிக்குள் ஒரு வரி எழுது.

ஆர். டன்ஸ்டன்


வாராபின்
1 செப்டம்பர்

ஐயா,

காட்டுங்கள்.

கிளெனிஸ் ஹாக்கிங்


மெல்பர்ன்
19 செப்டம்பர்

அன்புள்ள சுண்டெலி,

நீ எப்படி இருக்கிறாய்? முதலில் அதைச் சொல்.

என்னை வைத்துக்கொண்டார்கள். ஐந்துக்கு மூன்று. டன்ஸ்டன் உன் கடிதத்தைக் கமிட்டிக்கு முழுவதும் வாசித்தாராம். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "உன் தங்கச்சிக்கு உன்னைவிடக் காலு நல்லா நிக்குது" என்றார். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை எனக்குக் காலம் இருக்கிறது.

வீட்டுக்கு மூன்று முறை தொலைபேசியில் கூப்பிட்டேன். முதல் முறை அப்பா எடுத்தார். "நல்லா இருக்கியா" என்றார். இருக்கேன் என்றேன். வைத்துவிட்டார். மற்ற இரண்டு தடவையும் யாரும் எடுக்கவில்லை. ஊர் அணியை இறுதிச் சுற்றிலிருந்து நீக்கிவிட்டதாகப் பத்திரிகையில் இரண்டே வரி வந்திருந்தது. யாரும் எனக்கு எதுவும் எழுதவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். ஆர்தர் சொன்னால் நீ ஏன் எழுத வேண்டும்? "முடியாது" என்று வாயால் சொல்ல வராவிட்டாலும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் போயிருக்கலாமே. நீ அப்படிச் செய்யக்கூடியவள். கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு வரப் பார்க்கிறேன்.

ட்ரெவ்


மெரிடன்
10 அக்டோபர்

அன்புள்ள ட்ரெவ்,

இங்கே எல்லாரும் சுகம். நானும் சுகம். இனிமேல் கடிதத்தை மேலே உள்ள ஊருக்கு, ஆஸ்பத்திரி சலவைக்கூடம் என்று போட்டு அனுப்பு. பேக்கரியில் வேலை குறைந்துவிட்டது. மாலையில் வரும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள் என்று திருமதி ஷூல்ஸ் சொன்னார். அவர் நல்லவர். போகும்போது இரண்டு ரொட்டி கொடுத்தார். இங்கே வேலை சிரமம் இல்லை. துணியை எண்ணி மடிக்க வேண்டும். நான்கு பெண்கள் இருக்கிறார்கள். இயந்திரச் சத்தத்தில் யாரும் பேச முடியாது.

அப்பா இப்போது கிளப் தலைவர் இல்லை. முதுகுக்கு ஓய்வு வேண்டும் என்று விட்டுவிட்டார். என்னை இங்கே கொண்டுவந்து விட்டவர் அவர்தான். நூறு மைல் தூரமும் ரேடியோவில் கோதுமை விலை கேட்டுக்கொண்டே வந்தோம். இறங்கும்போது, "குளிருக்குக் கம்பளி இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அம்மா ஞாயிறுதோறும் எழுதுகிறாள். கோழிகளைப் பற்றி எழுதுகிறாள்.

அரையிறுதியில் நம் இடத்தில் வேறு ஊர் ஆடியது. நெவிலின் மகன் இந்த வருடத்தோடு ஆட்டத்தை விட்டுவிடுகிறானாம். அவனுக்கு முப்பத்தொன்று.

நீ கேட்டதற்குப் பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. ஆர்தர் வற்புறுத்தவில்லை. ஒரு தடவைதான் சொன்னார். அடுத்த இரண்டு வாரமும் அவர் சொல்வதற்கு முன்பே எழுதிவிட்டேன். உன்னை அங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள், நீ வீட்டுக்கு வந்துவிடுவாய், உனக்கு இங்கே ஒரு வரி தயாராக இருக்கும் என்று நினைத்தேன். நீ பதினோரு முறை பந்து பிடித்ததாக எழுதியபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. இதைத்தான் அந்த இரண்டாவது பக்கத்தில் எழுதியிருந்தேன்.

உனக்கு இன்னும் காலம் கொடுக்கலாமா என்று ஊரில் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் நின்று பேசினார்கள். நான் எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம், அனுப்பிவிடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு வர வேண்டாம். இந்த வருடம் இங்கே வெயில் கடுமையாக இருக்கும் என்கிறார்கள். அங்கேயே இரு. ஆகஸ்டுக்குப் பத்து மாதம்தான் இருக்கிறது.

உன் தங்கை,
கிளெனிஸ்